கல்வெட்டுகளை எறியச் சொல்லாதே, பிள்ளை

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பின குரல் பதிவை நானும் அப்பாவும் சேர்ந்திருந்து கேட்டோம். "பாதியை எறியுங்கோ அம்மா, மிச்சத்தைப் படம் எடுத்து வையுங்கோ" என்கிறாய். இடம் இல்லைதான். நாங்கள் மாறிப் போகத் தெகிவளையில் பார்த்திருக்கிற வீட்டில் இரண்டு அறை, குசினியும் சின்னது. ஆனால் லிஃப்ட் இருக்கிறது. இங்கே மூன்றாம் மாடிக்கு ஏறி இறங்க அப்பாவின் முழங்கால் இனி விடாது. ஆகவே வெள்ளவத்தை வீட்டைக் குறைக்கத்தான் வேண்டும். எதைக் குறைப்பது என்பதில்தான் நீ ஒன்று நினைக்கிறாய், நான் ஒன்று நினைக்கிறேன்.

ஷோகேஸ், அதற்குள் இருக்கிற டின்னர் செட், பெரிய சோபா, நீயும் தம்பியும் படித்த மேசை எல்லாம் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். "அந்த டின்னர் செட் பெறுமதி அம்மா" என்று நீ இழுத்தாய். பெறுமதியானதுதான். அதைவிட நல்லது காலி வீதிக் கடைகளில் இன்றைக்கும் வாங்கலாம். கிரைண்டரை உனக்கு அனுப்பச் சொல்லி சித்தி சொன்னாள். இங்கே 230 வோல்ட், கனடாவில் 120. அங்கே கொண்டுபோய் என்ன செய்வாய்? ஐஸ்கிரீம் டப்பாக்களும் ஹோர்லிக்ஸ் போத்தல்களும் போகின்றன, தூள் போட இரண்டைத் தவிர. காசு கொடுத்தால் திரும்ப வாங்கலாம் என்கிற எதற்காகவும் நான் அழப் போவதில்லை.

நீ எறியச் சொன்ன அந்தக் கடதாசிக் கட்டுத்தான் என்னோடு வருகிறது. செத்தவீட்டுப் புத்தகங்கள் எதற்கு என்று கேட்டாய். செத்து முப்பத்தோராம் நாள் செய்கிற அந்தியேட்டிக்கு, போனவரின் நினைவாய் அடித்துக் கொடுத்த கல்வெட்டுகள் அவை. உன் அம்மம்மாவின் தகப்பனாருடையதை இப்போது மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். ஊசி துருப்பிடித்து நடுப்பக்கத்தில் மண்ணிறமாய் ஊறியிருக்கிறது. முன்னுக்குத் தேவாரம், பிறகு அவருடைய வாழ்க்கை வரலாறு, மலாயாவில் புகையிரதப் பகுதியில் வேலை பார்த்தது, பென்சனோடு ஊருக்குத் திரும்பினது. கடைசிப் பக்கங்களில் வம்சாவளி. யார் யாருடைய பிள்ளை, எந்த ஊரில் கலியாணம் முடித்தார்கள் என்று கிளை கிளையாய் ஓடுகிறது. உன் பூட்டியின் பெயர் எனக்கு அதில்தான் கிடைத்தது. பேரப்பிள்ளைகள் எல்லோரும் அவரை ஆச்சி என்றுதான் கூப்பிட்டோம். அடித்த அச்சகம் இப்போது இல்லை, அடித்ததும் சொந்தபந்தத்துக்கு மட்டும். இதை எந்தக் கடையில் போய்க் கேட்பது?

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அச்சுப் புத்தகம் பலதைத் திரும்ப வாங்கி அடுக்கிவிட்டார்கள். கையெழுத்தாய் இருந்த ஏடுகளுக்கு வேறு பிரதி எங்கே? அந்த நாளிலிருந்து, ஒரே ஒரு பிரதியாய் இருக்கிற கடதாசியைக் கண்டால் என் கை எறியாது. நீ சொன்ன "படம் எடுத்து வையுங்கோ" என்பது பாதி சரி. ஆனால் என் கைபேசிக்குள் கிடந்தால் கைபேசியோடு போய்விடும். 2005இல் தொடங்கின 'நூலகம்' என்கிற இணையத்தளத்தில் இப்படியான நினைவு மலர்கள், பாடசாலை மலர்கள், கும்பாபிஷேக மலர்களை எல்லாம் ஸ்கான் செய்து யாரும் வாசிக்க வைத்திருக்கிறார்கள். எங்கள் கட்டையும் அவர்களிடம் காட்ட வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். மற்றப் புத்தகங்களை, வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குக் கொடுப்போம்.

அடுத்தது காணி உறுதிகள். 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைப் பார்த்து நடந்தது உனக்குத் தெரியும். அம்மம்மா சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தது ஒரு சூட்கேஸ். சீதன உறுதி, எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், சோதனைப் பெறுபேறுகள், இந்தக் கல்வெட்டுகள் எல்லாம் பொலித்தீனில் சுற்றி அதற்குள். பித்தளைச் சாமான் ஒன்றும் எடுக்கவில்லை. எது வேண்டும் என்று ஒரு மணித்தியாலத்துக்குள் சரியாகத் தீர்மானித்த மனுசி அவர். இன்றைக்குப் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். உறுதிக்கும் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம், ஆனால் உறுதி இலக்கம், திகதி, எழுதின நொத்தாரிசின் பெயர் கையில் இருந்தால் வேலை சுகம். அதை அப்பா ஒரு தாளில் எழுதுகிறார், உனக்கும் தம்பிக்கும் ஒவ்வொன்று வரும். மூல உறுதி எங்களோடு இருக்கும். மின்சாரப் பில், வங்கிக் கடிதம், காலாவதியான காப்புறுதி எல்லாம் கிழிபடுகின்றன, அதில் எனக்கு ஒரு கவலையும் இல்லை.

படங்களைப் பற்றி நீ பயப்படத்தான் வேண்டும். கடல் காற்று இங்கே எதையும் விடாது. ஒட்டும் தாளும் பிளாஸ்டிக் உறையும் இருக்கிற அந்த அல்பத்தில் உன் முதலாம் பிறந்தநாள் படங்கள் தாளோடு பிடித்துப்போய்க் கிடக்கின்றன. இழுத்தால் முகம் உரிந்துவிடும். பல்லிடுக்குக்குப் போடுகிற நூலைப் படத்துக்குக் கீழே கொடுத்து, மெதுவாய் இரண்டு பக்கமும் அறுப்பதுபோல இழுக்கிறேன். மூலையில் இருந்து தொடங்கினால் வருகிறது. வராததை அல்பத்தோடேயே ஸ்கான் செய்யலாம். கூறைச்சேலையையும் வைத்திருக்கிறேன், பிளாஸ்டிக்கில் இல்லை, பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி. மடித்த மடிப்பிலேயே விட்டால் சரிகை அந்த இடத்தில் வெடிக்கும், ஆகவே இடைக்கிடை மாற்றி மடிக்க வேண்டும். பூச்சி உருண்டை சரிகையில் படவே கூடாது, கறுத்துவிடும். உன்னிடம் வரும்போது இதை மறக்காதே.

போகிறதை எல்லாம் குப்பையில் கொட்டு என்று மட்டும் சொல்லாதே. 2017 சித்திரை வருடப்பிறப்பன்று மீதொட்டமுல்லையில் கொழும்பின் குப்பை மலை சரிந்து 32 பேர் செத்தார்கள். நாங்கள் கட்டிக் கீழே வைத்த பைகளும் அந்த மலையில்தானே சேர்ந்தன. அதனால் கொஞ்சம் சுணங்கினாலும் ஒவ்வொன்றுக்கும் ஆள் தேடுகிறேன். மேசையைக் கீழ் மாடிக் குடும்பம் கேட்டிருக்கிறது. பேப்பரும் போத்தலும் எடுக்க வருகிற ஆளிடம் போகும். நீத்துப்பெட்டியும் திருவலையும் என்னோடு வரும், புட்டு அவிக்க எனக்கு அவை வேண்டும்.

இனி உன் பெட்டி. சலங்கை, பாடசாலை றிப்போர்ட்டுகள், சிநேகிதிகள் எழுதின கடிதங்கள். கடிதங்களை நான் பிரிக்கவில்லை. வேண்டும், வேண்டாம் என்று நீதான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் எனக்கு மனவருத்தம் இல்லை. கீழ் மாடிப் பிள்ளை நடனம் பழகத் தொடங்கியிருக்கிறாள், சலங்கையை அவளுக்குக் கொடுக்கலாமா?

இன்னுமொன்று. அந்த வம்சாவளி என் தலைமுறையோடு நிற்கிறது. அப்பா ஒரு கொப்பி எடுத்துத் தொடர்ந்து எழுதுகிறார். உங்கள் இரண்டு பேரின் பெயர்களும் போட்டாயிற்று. மருமகனின் தாய் தகப்பன் பெயர், அவர்களின் ஊர், உன் பிள்ளைகளின் முழுப்பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் எல்லாவற்றையும் உன் கையால் தமிழில் எழுதி அனுப்பு. சின்னவளின் பெயரை எப்படி எழுதுவது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெளிவில்லை.

அன்புடன்,
அம்மா