என்சைம் மருந்துக் கிளெயிமை இரண்டு தடவை, இரண்டு காரணம் சொல்லித் திருப்பியது பற்றி

கிளெயிம் பகுதி மேலாளருக்கு,

வணக்கம். 2017இலிருந்து எங்கள் குடும்ப மருத்துவக் காப்புறுதி உங்களிடம்தான் இருக்கிறது, ஒரு பிரீமியம்கூடப் பிந்தவில்லை. 2019இல் மகள் பிறந்ததும் அவளையும் சேர்த்தோம். அந்தப் பிள்ளைக்குத்தான் இப்போது கோஷே நோய்.

ஒருவகைக் கொழுப்பை உடைக்கிற என்சைம் உடம்பில் போதாமல், அது மண்ணீரலிலும் ஈரலிலும் எலும்பிலும் போய்த் தேங்குகிற நோய் இது. கையும் காலும் குச்சி மாதிரி இருக்க, வயிறு மட்டும் வீங்கி, யூனிஃபோர்ம் இடுப்புக் கொக்கியைப் பூட்ட முடியாமல் போனது. மூக்கால் இரத்தம் வந்தால் இலேசில் நிற்காது. எத்தனையோ டொக்டர்மாரிடம் காட்டி, இரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிச் சோதித்த பிறகுதான் நோயின் பெயரே தெரிந்தது.

இல்லாத அந்த என்சைமை இமிகுளுசெரேஸ் என்ற மருந்தாக இரண்டு கிழமைக்கு ஒருக்கால் நாளத்தில் ஏற்ற வேண்டும். அமெரிக்காவில் 1994இலேயே அனுமதி கிடைத்த மருந்து, இன்றைக்குப் பரீட்சித்துப் பார்க்கிற ஒன்றல்ல. டொக்டர் எழுதியது கிலோவுக்கு 60 யூனிட். மகள் 18 கிலோ, அப்படியென்றால் ஒரு தடவைக்கு 1080 யூனிட், அதாவது 400 யூனிட் போத்தல் மூன்று, வருடத்துக்கு 78. இருபது கிலோவைத் தாண்டினால் நாலாவது போத்தலும் உடைக்க வேண்டும். பிள்ளை தராசில் ஏறும்போது எடை கூடியிருக்குமோ என்று நெஞ்சு பதறுகிறது, ஒரு தாய்க்கு வரக்கூடாத பயம் அது.

அமெரிக்காவில் பெரியவர் ஒருவருக்கு இந்தச் சிகிச்சை வருடத்துக்கு 2 இலட்சம் டொலரைத் தாண்டும். அதையெல்லாம் நீங்கள் கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. பொலிசியில் போட்டிருக்கிற வருட எல்லைக்குள் வருவதை மட்டும்தான் கேட்டேன்.

முதல் கிளெயிமுக்கு, 24 மணித்தியாலம் ஆஸ்பத்திரியில் தங்கவில்லை என்று எழுதினீர்கள். மருந்து ஏற்ற இரண்டு மணித்தியாலம் போதும், அதற்கு ஏன் தங்க வேண்டும் என்று போன் எடுத்துக் கேட்டேன். ஒரு இரவு வைத்திருந்தால் கிளெயிம் வரும் என்று உங்கள் அலுவலர் சொன்னார். சரி என்று அடுத்த முறை தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கனடாவில் இருக்கிற அண்ணா அனுப்பிய காசில் வாங்கி, ஐஸ் பெட்டியில் வந்த போத்தல்கள். குலுக்கக் கூடாதாம், நேர்ஸ் உள்ளங்கையில் வைத்து மெல்ல உருட்டி உருட்டித்தான் அந்தத் தூளைக் கரைத்தார். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதன்பிறகு விடியும்வரை, "அம்மா, முடிஞ்சுதுதானே, ஏன் வீட்ட போகேலாது?" என்று கேட்டுக்கேட்டு அவள் கட்டிலில் கிடந்தாள். அடுத்த நாள் பள்ளிக்கூடமும் போனது. அறைக்கும் டொக்டருக்கும் தனியாகக் காசு கட்டினோம்.

அப்புறம் வந்தது இரண்டாவது கடிதம்: பிறவிக் குறைபாடு, பொலிசியில் அடங்காது. நோயின் பெயர் முதல் ஃபைலிலேயே இருந்ததே! அப்போதே இதைச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளையை ஒரு இரவு வீணாக அங்கே படுக்க வைத்திருப்பேனா?

அதுவும் சரியான காரணமா? பொலிசியில் இருப்பது "பிறவிக் குறைபாடுகள்" என்ற சொல் மட்டும், மரபுவழி நோய் என்று எங்கேயும் இல்லை. இந்த நோயின் மரபணு எனக்கும் கணவருக்கும் ஒவ்வொன்று இருந்திருக்கிறது, எங்கள் இருவருக்கும் ஒரு வருத்தமும் இல்லாததால் தெரியாது. பிள்ளையும் பிறக்கும்போது சுகமாகத்தான் பிறந்தாள், நான்கு வயதுவரை ஒரு குறையும் இல்லை. பொலிசி விற்ற ஏஜன்ட் எங்கள் வீட்டு விறாந்தையில் இரண்டு மணித்தியாலம் இருந்து கதைத்தார், இந்த விலக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எந்தப் பிரிவின்படி மறுக்கிறீர்கள் என்று இலக்கத்தோடு, தமிழில், ஒரே ஒரு காரணமாக எழுதித் தாருங்கள். மருந்துக் கம்பனியின் இலவச உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கவும் எங்களுக்கு அந்தக் கடிதம் தேவை. உங்கள் அலுவலர் சொல்லித் தங்கிய அந்த இரவின் செலவை முழுதாகத் திருப்பித் தாருங்கள், பற்றுச்சீட்டுகள் இணைத்திருக்கிறேன். 14 நாளில் பதில் வராவிட்டால் இதே ஃபைலோடு, முறைப்பாடுகளை விசாரிக்கிற காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போவேன்.

அடுத்த கிழமை திரும்பவும் மருந்து ஏற்ற வேண்டும். கையில் இருப்பது இரண்டு போத்தல்.

இப்படிக்கு,
பொலிசிதாரர், பிள்ளையின் தாய்
கொக்குவில், யாழ்ப்பாணம்