ஆறாவது நாள் அவ எங்க போவா?

அன்புள்ள மகளே,

அடி தாங்காம வீட்டை விட்டு இறங்குற பெண்களுக்குன்னு தக்கலைப் பக்கம் நீயும் கூட்டுக்காரிகளும் ஒரு வீடு பாக்குறதா எழுதியிருந்தே. நல்ல காரியம். நூறு பவுன் போட்டு அனுப்பின பிள்ளைகளும் அடி வாங்குற மாவட்டம் இந்தக் கன்னியாகுமரி. ஆனா ஆண்களை வாசல்ல நிறுத்திட்டா மட்டும் ஒரு வீடு அடைக்கலம் ஆயிராது, கேட்டியா.

பெண்கள் உதவி எண் 181-க்கு போன் அடிச்சா ஒருங்கிணைந்த சேவை மையத்துல சேப்பாவ. மருத்துவம், போலீஸ், வக்கீல் எல்லாத்துக்கும் அங்கயே வழி உண்டு. ஆனா தங்குறது கூடிப்போனா 5 நாள். ஆறாவது நாள் போக இடம் இல்லாமத்தான் பலபேர் அடிச்ச புருஷன் வீட்டுக்கே திரும்புறா. உங்க வீடு அந்த ஆறாவது நாளுக்கு உள்ளதா இருக்கணும்.

வாற பெண்ணோட போனை முதல்ல கவனிக்கணும். பெரும்பாலும் புருஷன் திறந்து குடுத்த கூகுள் கணக்குலதான் அது ஓடும். தொலைஞ்ச போனைத் தேடுற வசதியில அவ நிக்கிற இடம் அவனுக்குத் தெரிஞ்சிரும். அதனால வழியிலயே அணைச்சிரணும். எறியப்பிடாது, மிரட்டின மெசேஜ் எல்லாம் அதுலதான் சாட்சி. அடுத்தது பேங்க். கணக்குல அவன் நம்பர் இருந்தா, ஏடிஎம்முல 500 ரூபாய் எடுத்தாலும் அவனுக்குத்தான் மெசேஜ் போவும். அவ பேர்ல புது சிம் வாங்கி, வேற பேங்குல கணக்கு தொடங்கி, ஆதார் மையத்துல கைரேகை வச்சு அங்கயும் நம்பரை மாத்தணும். இதை முதல் வாரமே செய்யலைன்னா உங்க விலாசம் ரகசியமா இருக்காது.

வீட்டை விட்டு வந்துட்டா உரிமை போச்சுன்னு பயப்படுவா. போகாது. 2005-ம் வருச குடும்ப வன்முறைச் சட்டத்துல, தற்காலிகமா தங்குற ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுலயே மனு போடலாம். 60 நாளுல முடிக்கப் பாக்கணும்னு சட்டம் சொல்லுது, நடப்புல இழுக்கும். அதனால பாதுகாப்பும் செலவுக்குப் பணமும் கேக்குற 12-ம் பிரிவு மனுவோட, வழக்கு முடியிற வரைக்கும் 23-ம் பிரிவுல இடைக்கால உத்தரவும் சேத்தே கேக்கணும். அதை விட்டுட்டா பிள்ளைகளுக்குப் பால் வாங்கக் காசில்லாம வருசக்கணக்கா வாய்தாவுக்கு அலையணும். சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல பெண்களுக்கு வக்கீல் இலவசம், வருமானம் பாக்க மாட்டாவ.

கென்யாவுல உமோஜான்னு ஒரு பெண்கள் ஊர் உண்டு. 1990-ல ரெபேக்கா லோலோசோலியும் மத்த பெண்களும் சேந்து சம்புரு பகுதியில தொடங்கினது. பாசிமணி நகை செஞ்சு சுற்றுலா வாறவங்களுக்கு வித்துச் சொந்தக் காலுல நிக்கிறாவ. பையன்களும் அங்க வளரலாம், 18 வயசானா வெளிய போயிரணும். இந்த விசயத்தை நீங்களும் முதல்லயே எழுதி வைக்கணும். பெண்கள் விடுதியில வளந்த பையனைச் சேக்க மாட்டாவ. 12 வயசு மகனை அவன்கிட்ட விட்டுட்டு எந்தத் தாய் வருவா?

வேலைன்னா பக்கத்துல அண்டி ஆபீஸுல, முந்திரிப் பருப்பு உடைக்கிற ஆலையில, கிடைக்கும். ஆனா சரக்கு வராம அடச்சா கூலி நிக்கும், அதை மட்டும் நம்பப்பிடாது. தையலோ சமையலோ ஒண்ணு கூட வேணும்.

பணத்தையும் சாவியையும் பத்தி எனக்குக் கவலை உண்டு. நாஞ்சில் நாட்டுல மருமக்கள்வழி இருந்த காலத்துல சொத்து பெண்வழியாத்தான் இறங்கிச்சு. நிர்வாகம் மட்டும் குடும்பத்து மூத்த ஆணான காரணவர் கையில. தொடங்கினவங்கன்னு நீங்க காரணவரா ஆயிரப்பிடாது. வீட்டுக் கணக்குல தங்கியிருக்கிற ரெண்டு பேராவது கையெழுத்துப் போடணும். கணக்கு நோட்டை எல்லாரும் பாக்கிற இடத்துல வையுங்க.

பெண்களையும் குழந்தைகளையும் தங்க வச்சு இல்லம் நடத்த 2014-ம் வருசத் தமிழ்நாடு சட்டப்படி உரிமம் வேணும். அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடியே நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸுல சமூகநலத் துறையில விசாரி. வாடகைப் பத்திரத்துல என்ன காரியத்துக்கு வீடுன்னு மறைக்காம எழுதுங்க. மறைச்சா, எவளோட புருஷனாவது முதல் தடவை வந்து வாசல்ல சத்தம் போட்ட அன்னைக்கே வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்லுவார். பத்திர நகலை எனக்கும் அனுப்பு, படிச்சுப் பாத்துச் சொல்லுகேன்.

அம்மா