பில்லில் ‘ஐ5’ என்று மட்டும் எழுதினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால் சென்னை ரிச்சி தெருவிலும், மாவட்டத் தலைநகரங்களில் உள்ள கம்ப்யூட்டர் கடைகளிலும் பழைய லேப்டாப் வியாபாரம் சூடுபிடிக்கும். பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழிக்கும் டெல் லேட்டிட்யூட், லெனோவா திங்க்பேட், ஹெச்.பி. எலைட்புக் வகைகள்தான் பெரும்பாலும் அங்கே வருகின்றன. இவற்றை வாங்குவதில் தவறே இல்லை. அதே விலைக்குக் கிடைக்கும் புது லேப்டாப்பைவிட இவற்றின் உடலும் கீபோர்டும் உறுதியானவை. கழற்றி மாட்டுவதும் எளிது. ஆனால் ‘ஐ5, 8 ஜி.பி., 256 எஸ்.எஸ்.டி.’ என்று பிராசஸர் வரிசை, ரேம், சேமிப்பு அளவு ஆகியவற்றோடு விளம்பரம் முடிந்துவிடுகிறது. முதலில் தெரிய வேண்டிய விஷயமே அதில் இல்லை.

ஐ5 என்பது லேப்டாப்பின் மூளையான பிராசஸரில், இன்டெல் நிறுவனத்தின் ஒரு வரிசையின் பெயர்தான். அது எந்தக் காலத்து ஐ5 என்பதைப் பின்னால் வரும் எண்தான் சொல்லும். ஐ5-7300யூ என்றால் 7-வது தலைமுறை; ஐ5-8350யூ 8-வது; ஐ5-10310யூ 10-வது. ஐ5-1135ஜி7 போன்றவற்றில் நான்கு இலக்கம்தான் இருக்கும், முதல் இரண்டைச் சேர்த்து 11-வது தலைமுறை என்று படிக்க வேண்டும். 7-க்கும் 8-க்கும் ஓர் எண்தானே வித்தியாசம் என்று விட்டுவிடக் கூடாது. 7300யூ-வில் இருப்பது இரண்டு கோர் (பிராசஸருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்), 8350யூ-வில் நான்கு. அதைவிட முக்கியம், விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்டெல் பிராசஸர்களில், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, 8-வது தலைமுறை முதல்தான் விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் ஏற்கிறது. 6, 7-வது தலைமுறை ‘ஐ7’ கூட இன்று மலிவாகக் கிடைப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

“விண்டோஸ் 11 ஓடுது பாருங்க சார்” என்று கடையில் காட்டுவார்கள். ஓடத்தான் செய்யும். நிறுவும்போது அந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டிப் போகும் வழி தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய அப்டேட் அந்த லேப்டாப்புக்குத் தானாக வராது. பாதுகாப்பு அப்டேட்டுகள் தொடரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு புரோகிராமிங் பழகப்போகிறவருக்கு 7-வது தலைமுறை தாராளம், விலையை மட்டும் அதற்கேற்பக் குறைத்துப் பேச வேண்டும். விண்டோஸ் தேவைப்படும் கணக்கு மென்பொருளான டேலி படிக்கும் வணிகவியல் மாணவருக்கு அது சரிப்படாது.

வெளியே பார்த்துத் தலைமுறையைக் கண்டுபிடிக்க முடியாது. லேட்டிட்யூட் 7480-ஐயும் 7490-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் குழப்பம்தான். மாடல் எண்ணையும் முழுதாக நம்ப முடியாது: திங்க்பேட் டி480 பெரும்பாலும் 8-வது தலைமுறை, ஆனால் 7-வது தலைமுறை பிராசஸரோடும் அது வெளிவந்திருக்கிறது. ஸ்டிக்கரை எவர் வேண்டுமானாலும் ஒட்டலாம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரின் பெர்பாமன்ஸ் பக்கத்துக்குப் போனால் பிராசஸரின் முழுப்பெயர் அங்கே இருக்கும். அதே இடத்தில் மெமரியை (அதாவது ரேம்) தொட்டால் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் தெரியும். திங்க்பேட் எக்ஸ்1 கார்பன், எக்ஸ்280 போன்ற மெல்லிய வகைகளில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டது. 8 ஜி.பி.யோடு வாங்கினால் கடைசிவரை 8 ஜி.பி.தான்.

அடுத்தது பேட்டரி. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘பவர்சிஎஃப்ஜி’, ஓர் இடைவெளி, சாய்கோடு, ‘பேட்டரிரிப்போர்ட்’ என்று ஆங்கில எழுத்தில் சேர்த்து அடித்தால் ஓர் அறிக்கை உருவாகும். அதில் ‘டிசைன் கெபாசிட்டி’ 60,000 என்றும் ‘ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி’ 33,000 என்றும் இருந்தால் பாதிக்குச் சற்று மேல் உயிர் மிச்சம் என்று அர்த்தம். டி480-ல் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பேட்டரிகள். இரண்டின் கணக்கையும் பாருங்கள். இந்த எண்களை மட்டும் வைத்து முடிவு செய்யவும் வேண்டாம். செல்லை மாற்றிக் கட்டிய பேட்டரியும் மட்டமான டூப்ளிகேட்டும் அறிக்கையில் அழகான எண்களையே காட்டக்கூடும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, வெளிச்சத்தை முக்கால் அளவில் வைத்து, கடையிலேயே அரை மணி நேரம் யூடியூப் வீடியோ ஓட விடுங்கள். சதவீதம் ஒவ்வொன்றாக இறங்கினால் நல்லது. 40-லிருந்து சட்டென்று 12-க்குத் தாவினாலோ, 30 காட்டும்போதே அணைந்தாலோ செல் போய்விட்டது. லேப்டாப்பைக் கண்ணாடி மேஜைமேல் வைத்து ஒரு மூலையை அழுத்திப் பாருங்கள். ஆடினாலோ, டச்பேட் மேலே எழும்பி கிளிக் ஆக மறுத்தாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். அதை வாங்கவே வேண்டாம்.

டெல் சார்ஜரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உருளை முனை கொண்ட டெல் சார்ஜரின் நடுவில் ஒரு மெல்லிய ஊசி இருக்கும். ‘நான் டெல் அடாப்டர், இத்தனை வாட்’ என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதன் வழியாகத்தான். டூப்ளிகேட் சார்ஜராக இருந்தாலோ, ஊசி ஒடிந்திருந்தாலோ லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது; பிராசஸரும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வாங்கியவர் மதர்போர்டு போய்விட்டது என்று பதறுவார். சார்ஜரை மாட்டிய நிலையில் அணைத்து மீண்டும் போட்டால், அடாப்டர் வகை தெரியவில்லை என்ற எச்சரிக்கை முதல் திரையிலேயே வந்துவிடும். டி480-க்கு வேறு விதமான சிக்கல். அது டைப்-சி வழியாக மட்டுமே சார்ஜ் ஆகும், அந்த போர்ட்டைக் கவனிக்கும் தண்டர்போல்ட் சிப்பின் பழைய ஃபர்ம்வேரில் (சிப்புக்குள் இருக்கும் மென்பொருள்) கோளாறு உண்டு. லெனோவா தளத்தில் திருத்தம் கிடைக்கிறது. வாங்கிய அன்றே போட்டுவிடுவது நல்லது.

இனி பூட்டு. நிறுவனங்களிலிருந்து வரும் லேப்டாப்பில் இதுதான் பெரிய தலைவலி. டெல்லில் எஃப்2, லெனோவாவில் எஃப்1, ஹெச்.பி.யில் எஃப்10 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். “சிமாஸ் பேட்டரியைக் கழற்றினால் போயிடும்” என்பார்கள். மதர்போர்டில் இருக்கும் அந்தச் சிறு பேட்டரியைக் கழற்றினாலும் இந்த வகைகளில் அது நடக்காது, பாஸ்வேர்டு இருப்பது வேறு சிப்பில். இன்னொரு பூட்டு கண்ணுக்கே தெரியாது. ஆட்டோபைலட் என்ற ஏற்பாட்டில் நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்புகளை மைக்ரோசாஃப்டில் பதிந்து வைக்கின்றன. அந்தப் பதிவை நீக்காமலே கழித்துவிட்டால், கடைக்காரர் இன்டர்நெட் இல்லாமல் விண்டோஸ் போட்டுத் தந்தால் வாங்கும்போது எதுவும் தெரியாது. ஆறு மாதம் கழித்து மாணவர் ரீசெட் செய்து வைஃபையை இணைத்ததும், எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் பெயர் வந்து அலுவலக இமெயிலைக் கேட்கும். கடையிலேயே ரீசெட் போட்டு, செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து முதல் திரைகளைத் தாண்டிப் பார்ப்பதுதான் ஒரே வழி. ஒரு மணி நேரம் ஆகலாம், கடைக்காரர் முகம் சுளிக்கலாம். மறுத்தால், இந்தக் காரணத்துக்காகத் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

மற்றவை சுருக்கமாக: திரை 1366-க்கு 768 பிக்சல் என்றால் தவிர்க்கலாம், 1920-க்கு 1080 வேண்டும், ஒரே மாடலில் இரண்டும் வந்திருக்கும். மூடியை நாலைந்து முறை திறந்து மூடி, ஹிஞ்ச் (மூடியின் கீல்) பக்கம் சட்டம் பிளக்கிறதா பாருங்கள். எஸ்.எஸ்.டி.யின் ஆரோக்கியத்தை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் சொல்லும். தமிழ்நாடு அரசு முத்திரை பதித்த விலையில்லா மடிக்கணினியை யார் விற்றாலும் வாங்காதீர்கள். அது விற்பனைக்குரியதே அல்ல.

பில்லில் பிராசஸரின் முழு எண்ணும், லேப்டாப்பின் சீரியல் எண்ணும், ‘டெஸ்டிங் வாரண்டி’ எத்தனை நாள், அதில் பேட்டரி சேருமா என்பதும் இருக்க வேண்டும். சீரியல் எண்ணை அடிப்பக்க ஸ்டிக்கரோடும் பயாஸோடும் ஒத்துப் பாருங்கள். தகராறு வந்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தாலும், நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் கையில் இருக்கும் சாட்சி அந்தத் தாள்தான். ‘ஐ5 லேப்டாப் - 1’ என்று மட்டும் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.

தங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பிரிவுக்கும் ஒரு வேண்டுகோள். பிராசஸரின் முழு எண் இல்லாத லேப்டாப் விளம்பரத்தை ஏற்காதீர்கள். ‘8350யூ’ என்று சேர்ப்பதால் விளம்பரதாரருக்கு ஒரு வரி கூடிவிடப்போவதில்லை.

இப்படிக்கு,
லேப்டாப் பழுதுநீக்குபவர்,
சென்னை - 2