செவ்வாய்க்கிழமை நீ வரவில்லை, அண்ணா

அன்புள்ள அண்ணா,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாகேஸ்வரராவ் பூங்காவில் என்னை இரண்டு சுற்று நடக்க வைத்தாய். "பார்த்தாயா, உனக்கு ஒன்றுமே இல்லை" என்றாய். பிறகு மயிலாப்பூர் வீட்டில் காபி, அண்ணியோடு ஒரு மணி நேரப் பேச்சு. அன்று நன்றாகத்தான் இருந்தேன். திங்கட்கிழமையையும் ஓட்டிவிட்டேன்.

செவ்வாய் விடியும்போது அடித்துப் போட்டாற்போல் கிடந்தேன். தொண்டை கரகரத்தது. ஜன்னல் வெளிச்சம் கண்ணில் குத்தியது. தெருவில் போன கீரைக்காரம்மாவின் குரலைக்கூடக் காது தாங்கவில்லை. சமையலறைக்குப் போனவள், பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதற்காக வந்தோம் என்று தெரியாமல் நின்றேன். ஒன்பது நாள் இப்படி. நீ அனுப்பிய பிராணாயாமக் காணொளியைப் பத்தாம் நாள்தான் பார்த்தேன்.

வங்கியில் காலம் தள்ளியவன் நீ. செக் எழுதும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வரும்போதுதானே கணக்கில் பணமில்லை என்று தெரிகிறது? என் உடம்பும் அப்படித்தான். இந்த நாட்பட்ட சோர்வு நோயில், உழைப்புக்குப் பிறகான சரிவு பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்தே வருகிறது. நடைதான் என்றில்லை, நீண்ட பேச்சும், வங்கிப் படிவம் நிரப்புவதும்கூடச் செலவுதான்.

ஆய்வுக்கூடங்களில் சைக்கிள் மிதிக்கவைத்து மூச்சை அளக்கும் சோதனை ஒன்று உண்டு. அடுத்தடுத்து இரண்டு நாள் செய்வார்கள். ஆரோக்கியமானவர்கள் இரண்டாம் நாளும் ஏறக்குறைய அதே அளவைத் தொடுகிறார்கள். இந்நோய் உள்ளவர்களில் பலருக்கு முதல் நாள் முடிந்தது மறுநாள் முடிவதில்லை. முதல் நாளோடு நிறுத்தியிருந்தால் அவர்களைப் பார்த்தும் "ஒன்றுமே இல்லை" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

தினம் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போ என்கிறாய். முன்பு டாக்டர்களும் அதைத்தான் சொன்னார்கள். பிரிட்டனில் டாக்டர்களுக்குச் சிகிச்சை வழிமுறைகளை வகுத்துத் தரும் நைஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அப்படிப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியை இந்நோய்க்குத் தரக் கூடாது என்கிறது. இருக்கும் தெம்புக்குள் வாழ்வதுதான் வழி. முக்காலியில் உட்கார்ந்து குளிக்கிறேன். காய் நறுக்கிய அன்று துணி மடிப்பதில்லை. அம்மா இந்த வயதில் கிணற்றில் இறைத்தாள் என்பாய். இறைத்தாள்தான், அவளுக்கு இந்த நோய் இல்லையே!

வரும் ஞாயிறு வா. பூங்கா வேண்டாம். நான் படுத்திருப்பேன், நீ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள். அரை மணி நேரம் போதும். முடிந்தால் செவ்வாயும் ஒருமுறை எட்டிப் பார். விளக்கை மட்டும் போடாதே.

உன் தங்கை