செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களே, காப்பாளர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, பெற்றோருடன் வந்திருக்கும் சிறுவர் பிரிவுப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

விளையாட்டுச் சாமான்களைச் சேகரித்து, உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் உள்ள சேகரிப்பாளர்களுடன் மாற்றிக்கொள்ளும் எமது சங்கத்தின் 2025 ஆம் ஆண்டுச் செயற்பாடுகளை இப்பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் மட்டும், வழமைபோல, கூட்டம் வைக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். எனவே நேரே பொதிக்கும் தபாலுக்கும் வருகிறேன். சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி இந்த ஆண்டு அங்கேதான் போனது.

இந்த ஊரில் ஒரு பழைய மச்பொக்ஸ் பொம்மைக் கார் எஞ்சியிருக்கிறது என்றால் அது சும்மா எஞ்சியதில்லை. லண்டனில் லெஸ்னி நிறுவனம் வார்த்து, யாரோ ஒரு பெரியப்பா கொழும்பில் வாங்கிவந்து, பிள்ளைகள் முற்றத்தில் உருட்டி விளையாடி, 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது ஒரு பையின் அடியில் கிடந்து தப்பியது அது. வீட்டோடு போனவை எத்தனையோ. மட்டைப் பெட்டியோடு தப்பியவை மிக அரிது. அப்படிப்பட்ட ஒன்றை ஓர் அங்கத்தவர் மனமுவந்து ரொறன்ரோவுக்கோ நாகோயாவுக்கோ அனுப்ப முன்வரும்போது, அது போய்ச் சேரும்வரை பொறுப்பு அவருடையது மட்டுமாக இருக்கக்கூடாது என்று நிர்வாகசபை கருதியது. அந்தக் கருத்திலிருந்து பிறந்ததுதான் பொதிமேசை.

ஞாயிறு காலைகளில் ஒரு நீண்ட மேசையைச் சுற்றி நின்று, அனுப்பவேண்டிய சாமான்களை எல்லோரும் சேர்ந்து பொதி செய்கிறோம். இளையவர்கள் அளக்கிறார்கள், வெட்டுகிறார்கள். மூத்தவர்கள் சாமானின் பழுது, தேய்வு எல்லாவற்றையும் பார்த்துப் படம் எடுத்து வைக்கிறார்கள். எமது பொதி ஒன்று யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் போகிறது. அங்கே மத்திய தபால் பரிமாற்றகத்தில் பிரிக்கப்பட்டு, விமானம் ஏறி, மறுபக்கத்தில் மீண்டும் பிரிக்கப்படுகிறது. ஒவ்வோர் ஏற்றத்திலும் இறக்கத்திலும் அதன் மேல் வேறு பாரம் விழும். பெட்டியை இடுப்பளவு உயரத்திலிருந்து நிலத்தில் போட்டால் உள்ளே இருப்பது தாங்குமா என்று ஒவ்வொரு பொதிக்கும் கேட்டுக்கொள்கிறோம். காதருகே வைத்துக் குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. வந்தால் பிரித்துத் திரும்பக் கட்டவேண்டும். இதில் எவருக்கும் சலுகை இல்லை.

மேசையில் வழக்கமாகிவிட்ட முறையைப் பதிவுக்காக விபரமாகவே சொல்கிறேன். வர முடியாதவர்கள் வீட்டில் செய்துகொள்ள உதவும். வர்ணம் பூசிய உலோகக் காரை முதலில் அச்சில்லாத மெல்லிய வெள்ளைத் தாளில் சுற்றவேண்டும். பத்திரிகைத் தாள் வேண்டாம், எங்கள் வெக்கையில் மை ஒட்டும். அதன் மேல் பபிள் ராப், குமிழ்கள் வெளிப்பக்கம் பார்க்க. குமிழ் வர்ணத்தோடு நேரே பட்டு நீண்ட நாள் வெயிலில் கிடந்தால் வட்ட வட்டமாகத் தடம் பதியும். அந்தத் தடம் போகாது. ஒவ்வொரு காரும் தனித்தனியே சுற்றப்படவேண்டும். உலோகம் உலோகத்தில் உரசுவதைப் போலக் கேடு வேறில்லை. சில்லு அச்சு வளையாமல் இருக்க, தடித்த கடதாசிக் குழலுக்குள் காரைச் செலுத்தி இரு முனைகளையும் அடைப்பது நல்ல வழி. தன் மூல மட்டைப் பெட்டியோடு இருக்கும் காரை அந்தப் பெட்டிக்குள் வைத்து அனுப்பவே கூடாது. பாரமான கார் உள்ளே அசைந்து மட்டைக் காதுகளைக் கிழித்துவிடும். காரைத் தனியே, வெறும் பெட்டியைத் தனியே, இரண்டு கெட்டியான மட்டைகளுக்கிடையே வைத்து அனுப்பவேண்டும். பிறகு சிறு பெட்டிக்குள் எல்லாவற்றையும் அடக்கி, அதனைச் சுற்றி நாலு பக்கமும் மேலும் கீழும் விரலளவு இடைவெளி விட்டுப் பெரிய பெட்டிக்குள் வைத்து, அந்த இடைவெளியை இறுக்கமாக நிரப்பவேண்டும்.

ரப்பர் ரயர் உள்ள சாமான்களுக்கும் மென்மையான பிளாஸ்ரிக் பொம்மைகளுக்கும் இன்னொரு கவனம் தேவை. ரயர் பிளாஸ்ரிக்கில் பட்டபடி சூட்டில் இருந்தால் அதை உருக்கிப் பள்ளமாக்கும். பொம்மையின் மென்பிளாஸ்ரிக்கும் ரிஜிபோம் என்ற வெள்ளை நுரைமட்டையில் ஒட்டிக்கொள்ளும். இடையில் வெள்ளைத் தாள் இருந்தால் இரண்டும் தப்பும். 1930களின் டிங்கி என்ற உலோகப் பொம்மை வாகனங்கள் வைத்திருக்கும் அங்கத்தவர்களுக்குத் தனி வேண்டுகோள்: அந்தக் காலத்து நாக (சிங்க்) உலோகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டதால் சில வண்டிகள் உள்ளுக்குள்ளேயே வெடித்துப் பொடியாகின்றன. மேலே மயிர்போன்ற வெடிப்புத் தெரியும் வண்டியைத் தபாலில் அனுப்ப எந்தப் பொதியாலும் முடியாது. அதனை நேரில் கையளிக்கும் நாள் வரும்வரை வைத்திருங்கள்.

தகரச் சாமான்களுக்குக் கடற்காற்றும் எமது கைவியர்வையும் எதிரி. தொட்ட இடத்தைத் துடைத்து, உலர்ந்த பின் சிலிக்கா ஜெல் பொதியுடன் பிளாஸ்ரிக் பையில் அடைக்கவேண்டும். மாரி மழை தொடங்கிவிட்டால் இதைத் தவறவிடவே கூடாது. பிஸ்கட் வந்த பெட்டிகளை யாரும் கொண்டுவரவேண்டாம். ஒரு துணுக்கு போதும், எறும்பு கொழும்புவரை கூடவே போகும். மின்கலமோ மதுபானமோ வந்த பெட்டியில் அபாயக் குறிகள் அச்சிட்டிருக்கும், அதையும் தவிர்க்கவேண்டும். பழைய முகவரி, பழைய பட்டைக்கோடு எல்லாம் முற்றாக மறைக்கப்படவேண்டும். முகவரித் தாளின் பிரதி ஒன்று உள்ளேயும் இருக்கட்டும். வெளிநாட்டு முகவரியில் நாட்டின் பெயர் கடைசி வரியில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் வரவேண்டும். எமது முகவரியில் 40000 என்ற தபால் குறியீடு விடுபடக்கூடாது.

அடுத்தது சுங்கப் படிவம். ஆண்டு முழுவதும் நான் அதிகம் வாதாடியது இதைப் பற்றித்தான், இன்றும் வாதாடுவேன். 'அன்பளிப்பு' என்ற கட்டத்தில் குறியிட்டு அனுப்பும் வழக்கம் எம்மிடையே இருந்தது. மாற்றாக இன்னொரு சாமான் வருமானால் அது அன்பளிப்பு ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ வரையும் பிரித்தானியாவில் 39 பவுண் வரையும் தனிநபர் அன்பளிப்புக்கு வரிவிலக்கு உண்டு என்பதற்காக, மாற்றுப் பொருளுக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது பொய். பிடிபட்டால் தண்டம் கட்டுபவர் மறுபக்கத்தில் இருக்கும் எமது நண்பர். ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோவுக்குக் குறைந்த பொருட்களுக்கு இருந்த இறக்குமதி வரிவிலக்கை 2021 ஜூலை 1 முதல் நீக்கிவிட்டது என்பதும் எல்லோரும் அறியவேண்டியது. எனவே பெறுமதியை இரு தரப்பும் முன்கூட்டியே பேசி, அதே தொகையை இரு பக்கப் படிவங்களிலும் எழுதவேண்டும் என்று தீர்மானித்தோம்.

'விளையாட்டுச் சாமான்' என்று மட்டும் எழுதுவதும் போதாது. பாவித்த உலோகக் கார் இத்தனை, எடை இவ்வளவு, செய்த நாடு இது, தீர்வைக் குறியீடு 9503 என்று எழுதவேண்டும். பண்டம் அடங்கிய சர்வதேசத் தபாலுக்கு 2021 தொடக்கம் முற்கூட்டிய மின்தரவு கட்டாயம். பொதி போய்ச் சேருமுன் விபரம் போய்ச் சேருகிறது. தெளிவற்ற எழுத்து அங்கே பொதியை நிறுத்தும். 2 கிலோவுக்கு உட்பட்ட சிறுபொதிக்கு சி.என். 22 என்ற சிறிய சுங்கப் படிவம் போதும், பெறுமதி 300 சிறப்பு எடுப்பனவு உரிமையை (சர்வதேசத் தபாலில் பெறுமதி கணக்கிடும் அலகு) தாண்டினால் சி.என். 23 என்ற விரிவான படிவம். யாழ்ப்பாணப் பிரதான தபாலகத்தின் கருமபீடத்தில் எமது படிவங்களைப் பொறுமையாகச் சரிபார்த்துத் தந்த ஊழியர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

சில சாமான்கள் தபாலில் போகவே கூடாதவை. கேப் துப்பாக்கியின் வெடிச்சுருள் வெடிபொருள். நிஜத் துப்பாக்கியைப் போன்ற பொம்மையைப் பல நாடுகள் உள்ளே விடுவதில்லை. மின்கலத்தில் ஓடும் சாமானிலிருந்து மின்கலத்தைக் கழற்றிவிட்டே அனுப்புகிறோம். மின்கலத்தைப் பற்றிப் பேசும்போது மூத்த அங்கத்தவர்களுக்கு ஒன்று நினைவு வரும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் குடாநாட்டுக்கு மின்கலம் வராது. அந்த ஆண்டுகளில் பிள்ளைகள் பால்மா தகரத்திலும் நுங்குக் கோம்பையிலும் செய்த வண்டில்கள் இப்போது சேகரிப்பாளர்களால் தேடப்படுகின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் மாற்றுக்குக் கொடுக்க அவசரப்படவேண்டாம். முதலில் படம் எடுத்து, செய்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதிச் சங்கப் பதிவேட்டில் சேருங்கள். ஹொட் வீல்ஸ் பொம்மைக் கார் 1968 இலிருந்து கோடிக்கணக்கில் வந்திருக்கிறது. இந்த வண்டில்கள் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான்.

உள்ளூர்ச் சாமான்களுக்கு வெளிநாட்டில் கேள்வி கூடியிருக்கிறது. பனையோலைக் கிலுகிலுப்பையையும், நெருப்பு வைத்தால் நீரில் படபடவென்று ஓடும் தகர வள்ளத்தையும் கேட்டுப் பலர் எழுதினார்கள். ஓலைச் சாமானை அவுஸ்திரேலியாவுக்கு அனுப்புபவர்கள் கவனிக்கவேண்டும்: தாவரப் பொருளை அங்கே உயிர்ப்பாதுகாப்பு அதிகாரிகள் பரிசோதிப்பார்கள், வைக்கோல் போன்றவற்றால் பொதி செய்வதை ஏற்கமாட்டார்கள். பனந்தும்பு மலிவு என்று இடைவெளியில் திணிக்கவேண்டாம். கிலுகிலுப்பை நன்கு காய்ந்து, பூச்சியில்லாமல், படிவத்தில் உள்ளபடியே குறிப்பிடப்பட்டுப் போகவேண்டும்.

ஆண்டின் பிற்பாதி எமக்கு இலகுவாக இருக்கவில்லை. 800 டொலருக்கு உட்பட்ட பொருட்களுக்கு அமெரிக்கா வழங்கிவந்த தீர்வை விலக்கு ஓகஸ்ட் 29 உடன் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. பல நாடுகளின் தபால் சேவைகள் அங்கே பண்டம் அனுப்புவதை இடைநிறுத்தின. அமெரிக்க நண்பர்களுடனான மாற்றங்களை இரு தரப்புச் சம்மதத்துடன் ஒத்திவைத்தோம். சாமான்கள் பெயர் எழுதிச் சங்க அலுமாரியில் பத்திரமாக இருக்கின்றன. செப்டெம்பர் 25 இல் கனடாவில் தபால் ஊழியர் வேலைநிறுத்தம் தொடங்கியது. எமது பரிமாற்ற நண்பர்களில் பலர் ஸ்காபரோவில் இருப்பதால் அது நேரே எம்மைத் தொட்டது. நவம்பர் இறுதியில் டித்வா புயலில் வீதிகளும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டபோது, விளையாட்டுச் சாமானைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. யோசிக்கவேண்டிய நேரமும் அதுவல்ல. பொதிமேசை அந்த வாரங்களில் நிவாரணப் பொதிகள் கட்டும் மேசையாக மாறியது. பெட்டியை இறுக்கவும் ஈரம் புகாமல் அடைக்கவும் பழகிய கைகள் அப்போது உதவியதைப் பெருமையுடன் பதிகிறேன்.

பொதி தொலைதல், பழுதாதல் பற்றியும் ஒரு சொல். வெளிநாட்டுக்குப் போகும் எதுவும் சாதாரணத் தபாலில் போவதில்லை, பதிவுத் தபால் மட்டுமே. 'எல்.கே.' என்று முடியும் 13 எழுத்து இலக்கத்தைப் பற்றுச்சீட்டுடன் படமெடுத்து அன்றே மறுதரப்புக்கு அனுப்பவேண்டும். பொதி வரவில்லை என்றால், அனுப்பிய நாளுக்கு அடுத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விசாரணை கோரலாம். அந்தக் காலம் கடந்தபின் கேட்டுப் பயனில்லை. நசுங்கி வந்த பொதியை உடனே எறியாமல், பெட்டியையும் உறையையும் படமெடுத்து வைத்திருங்கள். ஓர் அங்கத்தவருக்கு வந்த தகர ரயில் மேல்மூடி நசுங்கி வந்தது. படங்கள் இருந்ததால், அனுப்பியவர் ஒற்றைப் பெட்டியில் கட்டியதே காரணம் என்று இருவருக்கும் தெளிவாகியது. மனக்கசப்பு இல்லாமல் அந்த மாற்றம் திருத்தப்பட்டது.

யார் முதலில் அனுப்புவது என்ற கேள்வி எழாத மாதம் இல்லை. பழகியவர்களிடையே ஒரே நாளில் இருவரும் அனுப்புவது. புதியவருடன் முதல் மாற்றம் சிறியதாக இருப்பது. இதுவே சங்கத்தின் நடைமுறை. உள்நாட்டில் கண்டி, காலி, மட்டக்களப்பு நண்பர்களுடன் இது மிக நன்றாக நடந்தது. இரவு பஸ்ஸில் தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்புவது விரைவுதான். ஆனால் பற்றுச்சீட்டு இல்லாத பொதிக்குச் சங்கம் இடையில் நின்று பேச முடியாது.

வரும் ஆண்டுக்கு நிர்வாகசபை மூன்று முன்மொழிவுகளை வைக்கிறது. பொதிப் பொருட்களை மொத்தமாக வாங்கச் சந்தாவிலிருந்து ஒரு பங்கை ஒதுக்குவது. சிறுவர் பிரிவுப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு வெளிநாட்டு மாற்றத்தைப் படிவம் முதல் பற்றுச்சீட்டு வரை தாமே செய்து முடிக்க மூத்த அங்கத்தவர் ஒருவரைத் துணையாக நியமிப்பது. மாற்றுப் பொருளை அன்பளிப்பு என்று எழுதிய பொதியைப் பொதிமேசையில் ஏற்பதில்லை என்பதை யாப்பில் சேர்ப்பது. மூன்றாவதற்கு எதிர்ப்பு இருப்பது எனக்குத் தெரியும். எதிர்ப்பவர்கள் இச்சபையில் எழுந்து பேசவேண்டும், அதன் பின் வாக்கெடுப்பு நடக்கட்டும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுச்சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
யாழ்ப்பாணம்