முத்திரையில் இல்லாத கை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த, பழைய கிராமத்து மரக்கருவிப் பட்டறைகள் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மரத்தைச் சீவி மட்டமாக்கும் இழைப்புளி வார்ப்பிரும்பில் வந்து, மரத்தில் செய்த இழைப்புளியை ஓரங்கட்டிய கதை நன்றாக இருந்தது. ஆனால் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், ரெந்தம் என்ற கிராமத்தில் நடந்த பட்டறையைச் சொல்லும் இடத்தில் பிரான்சிஸ் நிக்கல்சனோடு நிறுத்திவிட்டார் கட்டுரையாளர். பாதிக் கதைதான் அது.

நிக்கல்சன் (1683-1753), பெயர் தெரிந்த அமெரிக்க இழைப்புளி செய்வோரில் மிக முந்தியவர். சரி. அந்தப் பட்டறையில் அவரோடு வேலை செய்தவர் சீசர் செலோர். அவர் நிக்கல்சனின் அடிமை. பிர்ச் மரத்தை அறுத்து, உளி உட்காரும் சாய்வைக் குடைந்து, உளியை ஆப்பு இறுகிப் பிடிக்கிற மாதிரி, சீவிய சுருள் வெளியேறும் வாயைச் செதுக்குவது அவசரத்தில் ஆகிற வேலை இல்லை. வாய் கொஞ்சம் அகன்றாலும் மரம் பிய்யும். ஆப்பு பொருந்தாவிட்டால் அதன் பக்கமெல்லாம் சுருள் அடைத்துக்கொள்ளும். (பொழுதுபோக்காக ஒன்று செய்து பார்த்துத் தோற்றவன் என்பதால் சொல்கிறேன். என்னுடையது இப்போது கதவுக்கு அடைகட்டையாக இருக்கிறது.) இதையெல்லாம் செலோர் செய்த காலத்தில், பட்டறையிலிருந்து வெளியே போன இழைப்புளியின் முன்முகத்தில் நிக்கல்சன் பெயர்தான் குத்தப்பட்டிருந்தது. அவற்றில் எத்தனை செலோரின் கைவேலை என்று இன்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

1753இல் நிக்கல்சன் இறந்தபோது, அவருடைய உயில் செலோரை விடுதலை செய்தது. கட்டில், துணிமணி, வேலை செய்த மேசை, உளிகள், ஓர் இடுக்கி, ஓர் அரிவாள், 10 ஏக்கர் நிலம் ஆகியவையும் அவருக்குக் கிடைத்தன. நல்ல மனது என்று சிலர் பாராட்டுவார்கள். அந்த மேசையில் அத்தனை வருடம் கூலியில்லாமல் நின்றவருக்கு அது நன்கொடையா, பாக்கியா என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் செலோர் அதே ஊரில் தன் பெயரிலேயே இழைப்புளி செய்தார். மணம் முடித்து, பிள்ளைகள் பெற்று, 1784இல் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் மாசசூசெட்ஸ் நீதிமன்றம், அந்த மாநிலச் சட்டத்தில் அடிமைமுறைக்கு இடமில்லை என்று சொன்னது. அதாவது, அவரைச் சுற்றிலும் மற்றவர்கள் அடிமைகளாக இருந்த ஊரில், 30 வருடம் சொந்தமாகத் தொழில் நடத்தியிருக்கிறார் மனிதர்.

நிக்கல்சன் தன் முத்திரையில் பெயருக்குக் கீழே 'ரெந்தமில் வசிப்பவர்' என்றும் பொறிப்பார். செலோரும் அதே சொற்களைத் தன் பெயருக்குக் கீழே பொறித்துக்கொண்டார். அந்த முத்திரை உள்ள இழைப்புளிகள் இப்போதும் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. அடுத்த பகுதி எழுதினால், அதில் ஒன்றின் படத்தைப் போடும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மரவேலை பழகும் ஒரு வாசகர்