டெம்ப்ளர்கள் சாத்தானை வணங்கினார்களா?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த மர்ம நாவல் மதிப்புரையைப் படித்தேன். பாதாள அறை, ஆட்டுத்தலைச் சாத்தான், எல்லாவற்றையும் மூடி மறைக்கும் வாடிகன் என்று கதை விறுவிறுப்பாகத்தான் தெரிகிறது. சிலுவைப் போர்க்காலக் கிறிஸ்தவத் துறவி வீரர்களான டெம்ப்ளர்களைச் சாத்தானின் அடியார்களாக்கியது நாவலாசிரியரின் உரிமை; அதில் எனக்குப் புகாரில்லை. மதிப்புரை எழுதியவரும் அதை நிரூபணமான வரலாறு என்று எழுதிவிட்டாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

1307 அக்டோபர் 13 விடியற்காலையில் பிரான்ஸ் முழுக்க டெம்ப்ளர்களைப் பிடித்து அடைத்தவர் மன்னர் நான்காம் பிலிப். அவர்களிடமே கடன் பட்டிருந்தவர். சிலுவையில் துப்பினார்கள், ஏதோ ஒரு தலையை வணங்கினார்கள் என்று குற்றம் சாட்டினார். பாரிஸில் விசாரிக்கப்பட்ட 138 பேரில் நால்வர் தவிர எல்லோரும் எதையாவது ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ள வைத்த விதத்தைக் கேளுங்கள். பெர்னார் என்ற டெம்ப்ளர் பாதிரியார், பிற்பாடு போப் அமைத்த விசாரணைக் குழுவின் முன் வந்து நின்றார். காவலர்கள் தன் கால்களை நெருப்பில் காட்டியதில் குதிகால் சதை வெந்து, சில நாட்களில் எலும்பே கழன்று விழுந்தது என்றார். விழுந்த எலும்புகள் இரண்டைக் கையோடு கொண்டுவந்து அவர்களிடம் காட்டவும் செய்தார். இப்படி வாங்கிய வாக்குமூலத்தையா நாம் ஆதாரம் என்பது?

அந்தத் தலையைப் பற்றிக் குற்றப்பட்டியலுக்கே தெளிவில்லை. சிலவற்றுக்கு மூன்று முகம், சிலவற்றுக்கு ஒன்று, சில வெறும் மண்டையோடு என்கிறது. மதிப்புரையில் வியந்து வர்ணிக்கப்பட்ட ஆட்டுத்தலை உருவமோ 19ஆம் நூற்றாண்டில் எலிஃபாஸ் லெவி என்ற பிரெஞ்சுக்காரர் வரைந்தது!

வாக்குமூலத்தை மறுத்துப் பேசத் துணிந்தவர்களில் 54 பேரை 1310 மே மாதம் பாரிஸில் உயிரோடு கொளுத்தினார்கள். 1314இல் தலைவர் ஜாக் தெ மொலேக்கும் அதே கதி.

மதச் சதிதான் வேண்டுமென்றால் அது இந்த வரலாற்றிலேயே இருக்கிறது. 1308இல் சினோன் கோட்டையில் மொலே உள்ளிட்ட தலைவர்களுக்குப் போப்பின் சார்பில் மூன்று கர்தினால்கள் பாவமன்னிப்பு வழங்கினார்கள். அதே போப் ஐந்தாம் கிளமெண்ட், மன்னரின் நெருக்கடிக்குப் பணிந்து 1312இல் அந்தச் சபையையே கலைத்தார். சினோன் ஆவணத்தை வாடிகன் ஆவணக் காப்பகத்தில் 2001இல் அடையாளம் கண்டவர் பார்பரா ஃப்ராலே என்ற வரலாற்றாய்வாளர்.

நாவலை எத்தனை பக்கம் வேண்டுமானாலும் பாராட்டுங்கள். வரலாறு பற்றிய அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். மதிப்புரை வந்த அதே பக்கத்தில், கண்ணில் படும் அளவு எழுத்தில்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்